துவைக்கிற கல் நனைந்த நாள்

கோடரியை யார் முதலில் ஓங்குவது என்று பேச்சு வந்தபோதுதான் எனக்குப் பொறுமை போயிற்று.

எங்கள் பாசன சங்கத்தின் கூட்டம் அது. சுபாக் என்போம். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிற நூற்றுப்பத்து வயல்காரர்கள், எல்லோருக்கும் வாய் நீளம். வாய்க்காலில் மட்டும் தண்ணீர் இல்லை. நாற்றங்காலில் நாற்றின் நுனி மஞ்சளாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் பறித்து நடாவிட்டால் இந்தப் போகம் போனதுதான். மூன்று வருடமாக எங்கள் அணைக்கு வந்து சேர்கிற தண்ணீர் பழையதில் பாதிதான்.

"யாரு எடுக்கிறான்னு தெரியாத மாதிரி இன்னும் எத்தனை கூட்டம் போடுறது? மூணு வருசத்துக்கு முன்னாடி மேல்கரைக்காரன் புதுக் கட்டை போட்டான். அன்னையிலேருந்து நமக்குத் தண்ணி இல்ல. இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்?" என்றான் லோத்ரா.

லோத்ராவுக்கு உடம்பும் பெரிது, குரலும் பெரிது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. மேல்கரை சுபாக்கின் அணை எங்களுடையதற்கு இரண்டு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. அங்கே ஆற்றைப் பிரிப்பது ஒரு தென்னங்கட்டை. அதில் இரண்டு வெட்டு. சின்ன வெட்டு வழியாகப் போவது அவர்கள் வாய்க்காலுக்கு, பெரிய வெட்டு வழியாகப் போவது ஆற்றோடு எங்களுக்கு. வெட்டின் அகலம்தான் பங்கு. தாத்தன் காலத்திலிருந்து அவர்களுக்குப் பதின்மூன்று விரல். பழைய கட்டை உளுத்துப்போய்ப் புதுசு போட்ட அதே வருடம் எங்கள் தண்ணீர் பாதியானால், யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எனக்கு வரவில்லை. நான் மூன்று தடவை போய் அளந்துவிட்டு வந்தவன். பதின்மூன்று விரல், அணுவளவும் கூடவில்லை. இதைச் சொன்னால் கூட்டமே சிரிக்கும். ஏனென்றால் அந்தக் கட்டைக்குப் பொறுப்பாளி சுதர்ஜா. அவன் என் மனைவி முர்னியின் கூடப்பிறந்த அண்ணன்.

"மச்சான் கட்டைய மச்சான் விரலால அளந்தா பதிமூணுதான் வரும். இவன் பதினொன்னுன்னு சொல்லாம விட்டானே, அதுவே பெரிசு," என்றான் லோத்ரா.

சங்கத் தலைவர் கெர்த்தா தலையைக் குனிந்துகொண்டு தீர்மானத்தைப் படித்தார். மௌன நாள் முடிந்த மறுநாள் காலை நாற்பது பேர் கோடரியோடு மேல்கரைக்குப் போவது. கட்டையைப் பிளந்து ஆற்றில் விடுவது. சுதர்ஜா ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தான்: "கட்டையில கை வைக்கிறவன் முதல்ல என் மேல வைக்கணும்." அவன் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. கட்டையின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்வான்.

கூட்டத்துக்கும் மௌன நாளுக்கும் நடுவில் மூன்றே நாள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். முர்னி பலாப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடிக்கும்வரை கத்தியை நிறுத்தவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா. நியெப்பி அன்னைக்கு ஆத்துச் சத்தம் நம்ம அடுப்படி வரைக்கும் கேக்குதே, அது ஏன்?"

மௌன நாளைத்தான் நியெப்பி என்போம். அன்று காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஆறு மணிவரை எங்கள் தீவு முழுக்க எவனும் வெளியே வரக்கூடாது. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை, வேலை இல்லை, வண்டி இல்லை. விமானம்கூட இறங்காது.

"ஊரு அமைதியா இருக்கு, அதனால கேக்குது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்," என்றேன்.

"அந்தச் சின்னப் புள்ள என்னைக்காவது துணி துவைச்சிருக்கா?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"துவைக்கிற துறையில தட்டைக் கல்லு இருக்குல்ல. மூணு வருசமா அது காஞ்சுதான் கெடக்கு. ஆனா நியெப்பிக்கு மறுநாள் விடியக்காலம் போனா மட்டும் கல்லு ஈரமா இருக்கு, மேல மணல் படிஞ்சிருக்கு. போன வருசம் முந்தின நாள் சோப்பு டப்பாவ அந்தக் கல்லு மேல மறந்து வெச்சிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பாத்தா இல்ல. நீங்கதான் என்னை மறதிக்காரி, தலைய எங்க வெச்சன்னு அரை நாள் திட்டுனீங்க."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். இப்போது அந்தச் சோப்பு டப்பா என் தலைக்குள் மிதந்து வந்தது. அதை ஆள் எடுக்கவில்லை. அன்று வெளியே ஆளே கிடையாது. தண்ணீர் எடுத்திருக்கிறது. காய்ந்து கிடக்கிற கல்லின் மேல் தண்ணீர் ஏறியிருக்கிறது.

அப்படியானால் ஆறு சத்தமாகக் கேட்பது ஊர் அமைதியாக இருப்பதால் மட்டும் இல்லை. அன்று ஆறே பெரிதாகிறது. மூன்று வருடமாக அதைக் காதால் கேட்டுக்கொண்டே, "ஆகா, என்ன அமைதி" என்று சும்மா உட்கார்ந்திருக்கிறோம், ஊரோடு முட்டாள்கள்.

எழுந்து முற்றத்தில் நடந்தேன். மௌன நாளன்று சுதர்ஜாவின் கட்டை மாறுவதில்லை, வெட்டு வெட்டாகவே இருக்கும். அப்புறம் எது நிற்கிறது? எல்லாமே நிற்கிறது. கடை, பள்ளி, மோட்டார் சைக்கிள், தண்ணீர் லாரி.

தண்ணீர் லாரி.

இரண்டு அணைகளுக்கும் நடுவில், சாலையோரமாக, தகரச் சுவர் போட்ட வளாகம் ஒன்று இருக்கிறது. கடற்கரை விடுதிகளுக்குப் போகிற லாரிகள் அங்கேதான் நிரம்புகின்றன. வாசலில் 'ஆழ்துளைக் கிணற்று நீர்' என்று நீலப் பலகை. பின்பக்கம் சுவர் செங்குத்தான ஆற்றுப் பள்ளத்தின் விளிம்புவரை போய் நிற்கும், கீழே என்ன இருக்கிறதென்று சாலையிலிருந்து தெரியாது. உள்ளே மோட்டார் இரவு பகலாக ஓடும். அதுவும் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்ததுதான். நாங்கள் கட்டையை முறைத்துக்கொண்டிருந்ததால் தகரத்தைப் பார்க்கவே இல்லை.

"முர்னி, உனக்கு எத்தனை சோப்பு டப்பா வேணும்?" என்றேன்.

"முதல்ல எங்கண்ணன் தலை தப்பட்டும்," என்றாள்.

நினைப்பது ஒன்று, காட்டுவது ஒன்று. மௌன நாளில் ஆற்றங்கரையில் நின்று அளக்க முடியாது. வீட்டு வாசலைத் தாண்டினாலே காவல்காரர்கள் பிடித்து ஊர்க் கோயிலில் நிறுத்துவார்கள். ஆகவே நான் இல்லாதபோது அளந்து, அளந்ததை மறுநாள்வரை மறக்காமல் வைத்திருக்கிற ஒன்று வேண்டும். எங்கள் அணைக்குக் கணக்குப் பார்க்க வந்த நீர்வளத்துறைப் பெண் ஒருத்தி ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது: குழாய்க்குள் தக்கைத்தூளைப் போட்டு ஒரு குச்சியை நிறுத்தினால், தண்ணீர் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு உயரத்தில் தூள் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வடிந்தாலும் அடையாளம் போகாது.

தக்கைக்கு எங்கே போவேன்? மௌன நாளுக்கு முந்தின சாயங்கால ஊர்வலத்துக்குப் பூதப் பொம்மை கட்டுகிற கொட்டகையிலிருந்து மிச்சமான மூங்கிலைத் தூக்கிவந்தேன். கணுக்களைக் குத்தி எடுத்து, அடியில் துளை போட்டு, உள்ளே உரித்த வெள்ளைக் குச்சி ஒன்றைச் செருகி, வாளியில் நிறுத்தி முதலில் காப்பித்தூளைக் கொட்டினேன். தூள் ஊறி அடியில் போய் உட்கார்ந்தது.

"நல்ல காப்பி. ஆத்துக்கு யாராவது விருந்தாளி வராங்களா?" என்றாள் முர்னி. அப்புறம் அவளே ஆலையிலிருந்து ஒரு பை உமித்தூள் வாங்கிவந்து நீட்டினாள். அது மிதந்தது. வாளியை நிரப்பி, பிறகு வடித்து, குச்சியை உருவினால் தண்ணீர் ஏறிய இடத்தில் சரியாக ஒரு பழுப்பு வளையம். நாற்பத்தாறு வயதில் முற்றத்தில் குதித்தேன்.

ஆனால் இதையும் நானே வைத்து நானே எடுத்தால் மறுபடியும் மச்சான் விரல்தான். அதனால் நேரே லோத்ரா வீட்டுக்குப் போனேன்.

"நீயே வை, நீயே கட்டு, நீயே எடு. நான் தொடவே மாட்டேன்," என்றேன். "ரெண்டு குழாய். ஒண்ணு சுதர்ஜா கட்டைக்கு நேர் கீழ, அவன் நமக்கு விடுற தண்ணிய அது காட்டும். இன்னொன்னு துவைக்கிற துறையில, நமக்கு வந்து சேர்ற தண்ணிய அது காட்டும். ரெண்டு இடத்துலயும் ஆத்தோட அகலம் ஆறடிதான், அளந்துட்டேன். நியெப்பி அன்னைக்கு மேல ஏறாம கீழ மட்டும் ஏறுச்சுன்னா, மத்த நாள்ல நடுவுல எவனோ எடுக்கிறான்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா?"

இங்கேதான் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"முதல் கோடரி நான் போடுறேன்."

"எழுதித் தருவியா?"

"தலைவர்கிட்டயே சொல்றேன்."

அவன் சரியென்றான். மச்சானை வைத்தே மச்சான் கட்டையைப் பிளக்கிற வாய்ப்பை எவன் விடுவான்?

முர்னியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. "நீங்க அந்தக் கோடரியப் போட்டா, அப்புறம் நான் எந்த வீட்டுக்குப் போறது? அங்கயும் போக முடியாது, இங்கயும் இருக்க முடியாது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மௌன நாளுக்கு முந்தின மதியம் லோத்ரா இரண்டு குழாய்களையும் நிறுத்தினான். கரையோரத்து வேரில் தன் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசினான். யாராவது அவிழ்த்தால் தெரிந்துவிடும். அன்றைய தண்ணீர் மட்டத்தைக் குச்சியில் கத்தியால் கீறினான். மேல்கரையில் சுதர்ஜா தன் ஆட்களோடு கரையில் நின்று பார்த்தான். சாயங்காலம் பூதப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆடித் தீர்த்தது. தகரச் சுவரின் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு வேலைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்காமல் அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மௌன நாள். விடிந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு கேட்டது. போன வருடமும் கேட்டது, அதற்கு முன்னும் கேட்டது. ஆனால் இது ஆறு பெருத்ததாலா, ஊர் அடங்கியதாலா? ஒரு காதைப் பொத்திக் கேட்டேன், இரண்டையும் பொத்தித் திறந்து கேட்டேன். முர்னி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. எனக்கு உயிர் போயிற்று. மழை பெய்து இரண்டு குழாயிலும் தண்ணீர் ஏறிவிட்டால் எல்லாம் குட்டிச்சுவர். தூறியது. அரை மணி தூறி நின்றது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் பின்பக்கச் சுவரில் ஏறித் தலையை நீட்டினேன்.

கீழே, கறுப்பு வெள்ளைக் கட்டத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, லோத்ரா நின்றான். காவல்காரர்களில் அவனும் ஒருவன். அன்று வெளியே நடமாட அனுமதி உள்ள சிலரில் எனக்கு வாய்த்தது அவன்.

"இறங்கு," என்றான் தாழ்ந்த குரலில். பேசக்கூடாத நாள்.

"நீ போய்ப் பாத்தியா?"

"ஆத்தப் பாக்க என்னை வைக்கல, உன்னைப் பாக்கத்தான் வெச்சிருக்காங்க. இறங்கு."

நான் இறங்கவில்லை. அவனும் போகவில்லை. எங்கள் இருவருக்கும் கீழே, மூங்கில்களுக்கு அப்பால், ஆறு கல்லில் மோதிக்கொண்டு போனது. லோத்ராவின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

"இன்னைக்கு ஆறு..." என்று தொடங்கி, முடிக்காமல் வாயை மூடிக்கொண்டு நடந்துவிட்டான். இரவு முழுக்க அந்த முடிக்காத பேச்சோடு புரண்டேன்.

ஆறு மணி அடித்ததும் நாற்பது பேரும் கோடரியோடு துறையில் கூடிவிட்டார்கள். என் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். முர்னி கூடை எதுவும் இல்லாமல் துவைக்கிற கல்லருகே வந்து நின்றாள். கல் நனைந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். ஆனால் கல்லை வைத்து லோத்ராவை நம்பவைக்க முடியாது.

அவன் சுண்ணாம்பு முடிச்சைச் சோதித்து, அவிழ்த்து, குச்சியை உருவினான். கத்திக் கீறலுக்கு மேல் பழுப்பு வளையம். விரலை அடுக்கி அளந்தான். திரும்ப ஒருமுறை அளந்தான்.

"ஒம்போது," என்றான்.

கூட்டத்தில் சலசலப்பு. ஒருவன் சொன்னான், "நேத்து மழை தூறுச்சுல்ல." இன்னொருவன், "சாமி ஏத்திருக்கும்பா, நல்ல நாளு."

"மழையும் சாமியும் மேல இருந்துதான வரணும்? மேல உள்ள குழாயப் பாப்போம். நடங்க," என்றான் லோத்ரா.

இரண்டு கிலோமீட்டர் நாங்கள் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினோம். மேல்கரையில் சுதர்ஜா சொன்னபடியே கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான், கால் தண்ணீரில். பின்னால் அவன் ஆட்கள் முப்பது பேர், கையில் அரிவாள். என் கையிலிருந்த கோடரியை அவன் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

லோத்ரா யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிக் குச்சியை உருவினான்.

ஒரு விரல். தூறலுக்கு ஒரே ஒரு விரல்.

நான் கோடரியைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். அழுதேன் என்று லோத்ரா இன்றைக்கும் சொல்கிறான், அது முகத்தில் தெறித்த தண்ணீர்.

"மேல ஒண்ணு, கீழ ஒம்போது. நடுவுல என்னடா இருக்கு?" என்று லோத்ரா தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். பிறகு சுதர்ஜாவைப் பார்த்து, "எந்திரி. வா," என்றான்.

நாங்கள் மூவரும் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடந்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். தகரச் சுவருக்கு நேர் கீழே பள்ளத்தில் பெரணிப் புதர் அடர்ந்திருந்தது. சுதர்ஜா கையால் விலக்கினான். தென்னை மரத் தடிமனில் ஓர் இரும்புக் குழாய், ஆழ்மடுவுக்குள் வாயை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. நல்ல ஆழ்துளைக் கிணறு.

நான் அதன்மேல் கை வைத்தேன். அந்த நேரம் மேலே கேட் திறக்கிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அப்புறம் மோட்டார். என் உள்ளங்கைக்கு அடியில் குழாய் உதறிக்கொண்டு எழுந்தது. மடு சுழன்றது. எங்கள் மூவர் காலிலும் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கண்முன்னால், முழங்காலிலிருந்து ஆடுசதைக்கு. நனைந்த கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

லோத்ரா தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காதுகள் சிவந்திருந்தன.

"அண்ணே," என்றான் சுதர்ஜாவிடம். அவன் சுதர்ஜாவை அண்ணே என்று கூப்பிட்டு மூன்று வருடம் இருக்கும். "இன்னைக்கு வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேக்குற நாளு. நான் கோடரியோட வந்துட்டேன்."

சுதர்ஜா புதரிலிருந்து கையை எடுத்தான். "நானும் அரிவாளோடதான் உக்காந்திருந்தேன்," என்றான். "மேல போலாம் வா. அங்க நிறைய வேலை இருக்கு."

இரண்டு சுபாக்கும் சேர்ந்து தகர கேட்டின் முன்னால் சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். கோடரிகளையும் அரிவாள்களையும் ஓரமாகக் குவித்தோம், யாரும் தொடவில்லை. தலைவர் கெர்த்தா இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் ஒன்று, ஒன்பது என்று விரலால் காட்டினார். நிரம்பிய லாரி வெளியே வர முடியவில்லை, காலி லாரி உள்ளே போக முடியவில்லை. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. பதினொன்றரைக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். கதவுக்கு மாவட்ட முத்திரை வைத்தது அதற்கு நான்கு நாள் கழித்து, நாங்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது.

மோட்டார் நின்ற அந்த மதியம் முர்னி எங்களுக்குச் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தாள். இன்னொரு கூடையும் இருந்தது, அண்ணன் வீட்டுக்கு. என் பக்கத்தில் சாலையில் உட்கார்ந்தாள். மௌன நாளுக்கு மறுநாள் என்பதால் ஊரே ரோட்டில் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்தன, கோயில் ஒலிபெருக்கி அலறியது, லாரி ஓட்டுநர்கள் எங்களைத் திட்டினார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின.

"மன்னிச்சிடு," என்றேன். "சோப்பு டப்பாவுக்கு."

"பேசாம இருங்க," என்றாள் முர்னி, தலையைச் சாய்த்து. "கேக்குது பாருங்க."

அத்தனை இரைச்சலுக்கும் நடுவில், கீழே பள்ளத்திலிருந்து, ஆறு கேட்டது.